பெரியம்மாவின் முறைப்பாட்டை யார் எடுப்பது?

கடந்த மாசி மாதம் எங்கட பெரியம்மா 7,500 ரூபாய் கொடுத்து ஒரு சாப்பாட்டு அட்டவணை வாங்கினா. வட்ஸ்அப்பில் வந்த பதினொரு பக்க பீடிஎஃப். முதல் பக்கத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு ஆள், கழுத்தில் ஸ்டெதஸ்கோப், கீழே "கிளினிக்கல் டயட்டீசியன்" என்ற பட்டம். தலைப்பு: "90 நாளில் சீனி வருத்தத்திலிருந்து விடுதலை".

பெரியம்மாவுக்கு 56 வயது. சித்தாண்டியில் வீட்டோடு சேர்ந்த ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறா. சீனி வருத்தம் வந்து பன்னிரண்டு வருடம். போன வருடக் கடைசியில் கிளினிக்கில் "கிட்னியும் கொஞ்சம் பாதிச்சிருக்கு" என்று சொல்லி கொப்பியில் எழுதி விட்டிருந்தார்கள். அட்டவணை அனுப்பினவர் அந்தக் கொப்பியைக் கேட்கவில்லை. இரத்தப் பரிசோதனை ரிப்போட்டையும் கேட்கவில்லை. கேட்டது மூன்றே மூன்று விசயம்: வயது, நிறை, காசு போட்ட சிலிப்.

அட்டவணை இப்படி: காலையில் வெறும் வயிற்றில் இரண்டு இளநீர். பத்து மணிக்கு பொன்னாங்காணியும் முருங்கை இலையும் அடித்த பச்சைச் சாறு. மத்தியானம் சோறு கூடாது, வாழைப்பழமும் பப்பாசியும். கறிக்கு அவர்களே அனுப்பி வைக்கும் "சோடியம் குறைந்த உப்பு", அதற்கு விலை தனி. பார்த்தால் எல்லாமே நல்ல சாப்பாடு. ஒன்றிலும் நஞ்சில்லை. எங்கட வளவிலேயே கிடைக்கிற சாமான் பாதி.

மூன்றாவது கிழமை பெரியம்மாவுக்குக் கை கால் சோர்ந்து போனது. "நெஞ்சுக்குள்ள மீன் துடிக்கிற மாதிரி இருக்கு புள்ள" என்று என்னிடம் சொன்னா. நான் அதைக் கவிதையாக எடுத்துக்கொண்டு சிரித்தேன். அடுத்த நாள் ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தவர்கள் சிரிக்கவில்லை. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருந்தது. கிட்னி நல்லா வேலை செய்கிறவருக்கு மேலதிகப் பொட்டாசியம் சிறுநீரோடு போய்விடும். கிட்னி பழுதாகத் தொடங்கினவருக்கு அது உடம்பிலேயே தங்கும், இதயத் துடிப்பைக் குழப்பும், சில நேரம் நிறுத்தியும் விடும். ஒரு பெரிய குவளை இளநீரில் மட்டும் சுமார் அரை கிராம் பொட்டாசியம் இருக்கிறது. அந்தச் "சோடியம் குறைந்த உப்பு" இருக்கிறதே, அப்படியான உப்புகளில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பதே பொட்டாசியம்தான். வார்ட்டில் இருந்த சின்ன டொக்டர் இதை எனக்கு ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் காட்டினார்.

பெரியம்மா தப்பிவிட்டா. நாலு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டா. அண்ணா அந்த இலக்கத்துக்கு மெசேஜ் போட்டான். முதலில் "நீங்கள் அட்டவணையை ஒழுங்காகப் பின்பற்றவில்லை" என்று ஒரு பதில் வந்தது. பிறகு புளொக். அண்ணா போனை மேசையில் போட்டுவிட்டுக் கேட்டான்: "சரி, இத எங்க போய் முறையிடுற?"

அந்தக் கேள்விக்கு எங்கட வீட்டில் இருந்த ஐந்து பேருக்கும் பதில் தெரியவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்காகத்தான்.

எல்லாருக்கும் ஒரு கதவு இருக்கு

யோசித்துப் பாருங்கள். டொக்டர் பிழை விட்டால் இலங்கை மருத்துவ சபை இருக்கிறது. 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டம் அதற்கு அடித்தளம். மருந்தாளரும் மருத்துவிச்சியும்கூட அதே சபையில் பதிந்தவர்கள். தாதியருக்கு 1988இல் வந்த தனிச் சட்டமும் தனிச் சபையும் உண்டு. ஊர்ப் பரியாரியாருக்கே 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் பதிவு இருக்கிறது. சித்தமும் யுனானியும் அதற்குள் வரும். மருந்துக்கு 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒரு தேசிய அதிகார சபை. கடைக்காரன் விலையில் ஏமாற்றினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை. கொத்துக் கடையில் கரப்பான் பூச்சி கிடந்தால் பிஎச்ஐ வருவார்.

2016 ஆவணியிலிருந்து குளிர்பானப் போத்தலில் சீனியின் அளவைக் காட்ட சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிற அடையாளம் கட்டாயம். அதாவது போத்தலுக்குச் சட்டம் இருக்கிறது. அந்தப் போத்தலைக் குடி, குடிக்காதே என்று சொல்லிக் காசு வாங்குகிற ஆளுக்கு இல்லை. கொத்துக் கடைக்கு பிஎச்ஐ வருவார். "கொத்துச் சாப்பிடாதே, இதைச் சாப்பிடு" என்று 7,500 வாங்கினவரிடம் ஒருவரும் வரமாட்டார்கள்.

உணவு ஆலோசகர் என்ற தொழிலுக்கென்று தனிச் சட்டம் ஒன்றும் இலங்கையில் இல்லை. வடமேல் மாகாணத்து வயம்பப் பல்கலைக்கழகத்தில் உணவு விஞ்ஞானமும் போசாக்கும் நாலு வருடம் படித்துப் பட்டம் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரிகளில் போசாக்குக்கென்று தனிப் பயிற்சி எடுத்த டொக்டர்மார் இருக்கிறார்கள். மூன்று நாள் ஒன்லைன் கோர்ஸ் முடித்துச் சான்றிதழைப் பிரேம் போட்டவர்களும் இருக்கிறார்கள். என் பெரியம்மாவின் போனில் மூன்று பேரும் ஒரே மாதிரித்தான் தெரிவார்கள். வெள்ளைக் கோட்டு யாருக்கும் பொருந்தும்.

பதிவேடு என்றவுடனே எங்கட ஆட்களுக்கு வேலைவாய்ப்பும் சுவரில் மாட்டுகிற சான்றிதழும்தான் ஞாபகம் வரும். எனக்கு அது முறைப்பாட்டுக்கான கதவு. ஒரு பெயர் பதிவேட்டில் இருந்தால்தான் அந்தப் பெயரை அங்கிருந்து நீக்கவும் முடியும். பதியப்படாத ஆளை எதிலிருந்து நீக்குவது?

"உணவே மருந்து" என்றால் மருந்தின் விதி எங்கே?

இப்ப எங்கட டிக்டொக்கிலும் யூடியூப்பிலும் அதிகம் விற்கிற வசனம் "உணவே மருந்து". நான் அதை மறுக்கவில்லை. மறுக்காததால்தான் கோபம் வருகிறது.

மருந்து என்றால் அதற்கு ஒரு அளவு இருக்கும். யாருக்குக் கூடாது என்று ஒரு பட்டியல் இருக்கும். எந்த மருந்தோடு எது ஒத்துவராது என்று ஒரு எச்சரிக்கை இருக்கும். கொடுத்தவரின் பெயரும் கையெழுத்தும் இருக்கும். உணவை மருந்து என்று விற்கிறவர்கள் மருந்தின் மரியாதையை மட்டும் எடுத்துக்கொண்டு பொறுப்பை விட்டுவிடுகிறார்கள். பிழைத்தால் "நாங்கள் மருந்தா கொடுத்தோம்? சாப்பாடுதானே சொன்னோம்" என்பார்கள். பலித்தால் "பார்த்தீர்களா, குளுசையே தேவையில்லை" என்பார்கள். இரண்டு பக்கமும் அவர்களுக்கே இலாபம்.

குளுசை விசயம் இன்னும் மோசம். சீனி வருத்தக்காரருக்கு ஒரு ஆள் "குளுசையை விடு" என்று சொன்னால் அது ஆபத்து என்று எல்லாருக்கும் விளங்கும். குளுசையை விடாமல் சோற்றை மட்டும் திடீரென்று விட்டாலும் ஆபத்து என்பது பலருக்குத் தெரியாது. கிளிக்கிளசைட் மாதிரியான குளுசை, நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் உடம்பை இன்சுலின் சுரக்க வைக்கும். வயலில் நாற்று நட்டுக்கொண்டிருக்கிற மனிசன் காலையில் குளுசையையும் போட்டு, சோற்றையும் விட்டு, பச்சைச் சாறு மட்டும் குடித்தால் பத்து மணிக்கு வரம்பில் மயங்கி விழுவார். சாப்பாட்டையும் குளுசையையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்த ஆள்தான் இதில் வாய் திறக்க வேண்டும்.

எங்கட பழைய முறையும் இதைத்தான் செய்தது. பரியாரியார் பத்தியம் சொல்லுவதற்கு முதல் நாடி பிடித்துப் பார்ப்பார். வயதைக் கேட்பார், மலசலம் கேட்பார், என்ன வேலை செய்கிறாய் என்று கேட்பார். பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குக் கறி ஒரு விதம், காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி வேறு விதம். அவர் சொன்ன பத்தியம் எல்லாம் சரி என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் ஒரே பத்தியத்தை பீடிஎஃப் ஆக்கி நானூறு பேருக்கு அனுப்பவில்லை. ஊருக்குள்ளேயே இருந்தார், பிழைத்தால் வாசலுக்குப் போய்க் கேட்கலாம். அந்த வாசல் இப்ப இல்லை. அதற்குப் பதிலாக அரசு ஒரு வாசல் கட்டித்தர வேண்டும் என்பதுதான் என் வாதம்.

இது வயசாளிகளின் பிரச்சினை மட்டும் இல்லை

"இது அம்மா, பெரியம்மா பிரச்சினை" என்று நினைத்து வாசிப்பதை நிறுத்தப் போகிறவர்களுக்கு ஒரு விசயம். நான் வந்தாறுமூலையில் கலை கலாசார பீடத்தில் படிக்கிறேன். தூர இடத்துப் பிள்ளைகள் தங்கியிருக்கிற அறைகளில் போனைப் பார்த்தால் பாதிப் பேரிடம் ஏதோ ஒரு "பிளான்" இருக்கும். "கல்யாணத்துக்கு முதல் 10 கிலோ". "ஒரு மாதத்தில் வயிறு". என் சிநேகிதி ஒருத்தி இரண்டு மாதம் பகலில் ஒரு அப்பிளும் இரவில் இரண்டு முட்டையும் சாப்பிட்டாள். மாதவிடாய் நின்றது. பரீட்சை மண்டபத்தில் விழுந்தாள். அவளுக்கு அட்டவணை விற்ற "நியூட்ரிசனிஸ்ட்" அக்காவுக்கு ஒரு இலட்சத்துக்கு மேல் பின்தொடர்வோர். அவள் அந்த அக்காவிடம் மாதவிடாய் நின்றதைச் சொன்னபோது வந்த பதில்: "உடம்பு நச்சை வெளியேற்றுது, பயப்பட வேணாம்."

உடம்பு நச்சை வெளியேற்றவில்லை. உடம்பு பட்டினி கிடந்தது. இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஒருவர் உங்கள் உடம்பைப் பற்றிக் காசு வாங்கிக்கொண்டு பேசலாமா என்பதுதான் கேள்வி.

அக்கரையில் என்ன நடக்கிறது?

எங்கட போனில் ஓடுகிற சாப்பாட்டு அறிவுரையில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து வருகிறது. அதனால் அங்கே என்ன சட்டம் என்பது சித்தாண்டிக்கும் சம்பந்தப்பட்ட விசயம்.

இந்தியாவில் உணவு ஆலோசகர்களின் சங்கம் 1963இலேயே தொடங்கிவிட்டது. ஆனால் அது சங்கம். சேர்ந்தால் சேரலாம், விட்டால் விடலாம். 2021 மார்ச்சில்தான் துணை மற்றும் சுகாதாரத் தொழில்சார்ந்தோருக்கான தேசிய ஆணையச் சட்டம் நிறைவேறியது. பிசியோதெரபிஸ்ட், ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் போன்றவர்களோடு டயட்டீசியனும் நியூட்ரிசனிஸ்ட்டும் அந்தச் சட்டத்தின் அட்டவணைக்குள் வந்தார்கள். சுகாதாரத் தொழில்சார்ந்தோர் என்று சொல்லிக்கொள்ளும் பட்டத்துக்குக் குறைந்தது 3,600 மணித்தியாலப் படிப்பு வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மூன்று நாள் கோர்ஸோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

சட்டம் வந்தது, ஆனால் நடைமுறை வரவில்லை. பல மாநிலங்கள் தங்கள் சபையையே அமைக்காமல் இழுத்தன. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு இரண்டு மாதக் கெடு கொடுக்க வேண்டி வந்தது. 2025 ஏப்ரலில் போசாக்குத் துறை உட்படப் பத்துத் துறைகளுக்கு நாடு முழுவதுக்கும் ஒரே பாடத்திட்டம் வெளியானது. அதே வருடம் பல்கலைக்கழக மானியக் குழு, உணவு மற்றும் போசாக்குப் படிப்புகளைத் தொலைக்கல்வியில் நடத்துவதை நிறுத்தச் சொன்னது. காரணம் எளிது: நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்காமல் இந்தத் தொழிலைப் படிக்க முடியாது.

பிரித்தானியா இதை எங்களுக்கு மிக முன்னமே செய்துவிட்டது. 1960ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அங்கு டயட்டீசியன்கள் பதிவுக்குள் வந்தார்கள். இன்றைக்கு "டயட்டீசியன்" என்ற பெயர் அங்கே சட்டத்தால் காக்கப்பட்டது. பதியாமல் அந்தப் பெயரைப் போட்டால் குற்றம். ஆனால் "நியூட்ரிசனிஸ்ட்" என்ற பெயருக்கு அந்தக் காவல் இல்லை. அதனால் அங்கும் போலிகள் அந்தப் பெயருக்குள் ஒதுங்குகிறார்கள். ஒரு வாசலைப் பூட்டி மற்ற வாசலைத் திறந்து விட்டால் கள்ளன் எந்த வாசலால் வருவான் என்று சொல்லத் தேவையில்லை. நாங்கள் சட்டம் எழுதும்போது இரண்டு பெயரையும், அவற்றின் தமிழ், சிங்கள வடிவங்களையும் சேர்த்துக் காக்க வேண்டும் என்பது இதிலிருந்து படிக்கிற பாடம்.

"அரசாங்கத்தை நம்பச் சொல்றியா?"

இதை வாசிகசாலையில் பேசியபோது ஒரு சிநேகிதன் பாய்ந்து வந்தான். "அரசாங்கம் எங்கட சாப்பாட்டுக்க தலையிட்டது போதாதா? உரத்துக்கு என்ன நடந்தது எண்டு மறந்திட்டியா?"

மறக்கவில்லை. 2021இல் ஒரே இரவில் இரசாயன உரத்தைத் தடை செய்தவர்கள் சொன்ன காரணமும் ஆரோக்கியம்தான்: நஞ்சற்ற உணவு, சிறுநீரக நோய். எங்கட ஊர் வயல்காரர் அந்தப் பெரும்போகத்தில் என்ன பட்டார்கள் என்று நான் புத்தகத்தில் படிக்கவில்லை, வீட்டு முற்றத்தில் பார்த்தேன். அதற்கு முந்திய வருடம் கேகாலையில் ஒருவர் தேனும் சாதிக்காயும் சேர்த்துக் காய்ச்சிய "கொரோனாப் பாணி"க்கு ஆயிரக்கணக்கில் சனம் திரண்டது. 2020 டிசம்பரில் சுகாதார அமைச்சரே அதைக் கமராவுக்கு முன்னால் குடித்தார். அடுத்த மாதம் அவருக்கே தொற்று உறுதியானது.

ஆகவே "அரசு சொன்னால் சரி" என்று நான் சொல்லவில்லை. அமைச்சர் கையில் இருக்கிற சபை வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். ஆனால் அரசு பிழை விட்டது என்பதற்காக விதியே வேண்டாம் என்றால் மிஞ்சுவது சுதந்திரம் அல்ல, சந்தை. உரத் தடையில் நட்டப்பட்ட விவசாயி குறைந்தபட்சம் யாரைத் திட்ட வேண்டும் என்று தெரிந்திருந்தார். வீதிக்கு இறங்கினார். சில மாதத்தில் அரசு பின்வாங்கியது. பெரியம்மா யாருடைய வாசலில் போய் நிற்பது?

அவனுடைய இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி. "அப்ப அம்மம்மா கஞ்சி குடி எண்டு சொன்னாலும் லைசன்ஸ் வேணுமா?"

இந்தப் பயம் வெறும் பகிடி இல்லை. அமெரிக்காவில் நடந்தது. வட கரோலினாவில் ஸ்டீவ் குக்ஸி என்ற சீனி வருத்தக்காரர் தான் சாப்பாட்டை மாற்றிய கதையைப் புளொக்கில் எழுதி, வாசகர் கேள்விக்குப் பதிலும் கொடுத்து வந்தார். 2012இல் அந்த மாநிலத்து உணவு ஆலோசகர் சபை, உரிமம் இல்லாமல் ஆலோசனை கொடுக்கிறாய் என்று அவரைப் பிடித்தது. அவர் பேச்சுரிமை என்று வழக்குப் போட்டார். கடைசியில் சபைதான் தன் வழிகாட்டலைத் தளர்த்த வேண்டி வந்தது. தொழிலைக் காக்க வந்த சபை, வேலிக்குள் நின்று ஊரின் வாயை அடைக்கப் பார்த்தால் அது இப்படித்தான் முடியும்.

எனவே கோட்டைச் சரியான இடத்தில் போட வேண்டும். சாப்பாட்டைப் பற்றிப் பேசுவது எல்லாருக்கும் உரிய விசயம். அம்மம்மா சொல்லலாம். ஜிம் நண்பன் சொல்லலாம். தன் அனுபவத்தை யாரும் எழுதலாம். நான் இங்கே பொட்டாசியத்தைப் பற்றி எழுதுவதும் அப்படித்தான். சட்டம் தொட வேண்டியது மூன்று இடத்தை: ஒருவர் தன்னை டயட்டீசியன் அல்லது போசாக்கு நிபுணர் என்று பெயர் போட்டுக்கொள்ளும்போது, நோயுள்ள ஒருவருக்குக் காசு வாங்கிக்கொண்டு தனிப்பட்ட அட்டவணை எழுதும்போது, ஒரு நோயைச் சாப்பாட்டால் குணமாக்குவேன் என்று உறுதி சொல்லும்போது. இந்த மூன்றிலும் அம்மம்மா இல்லை.

வேலியை யார் போடுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்

இனி மற்றப் பக்கத்துக்கு ஒரு வார்த்தை. இந்தத் தொழிலுக்குச் சட்டம் வேண்டும் என்று கேட்கிறவர்களிலும் எல்லாரும் பெரியம்மாவை நினைத்துக் கேட்பதில்லை. டொக்டர்களில் சிலருக்கு எல்லாமே தங்கள் பேனாவுக்குக் கீழேதான் இருக்க வேண்டும். பட்டதாரிகளில் சிலருக்குத் தாங்கள் ஏறின ஏணியை மேலே இழுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேருக்கும் நடுவில் எங்கட கிளினிக்கைப் பாருங்கள். நூற்றுக்கணக்கான பேர் விடியக் காலையிலிருந்து வரிசையில் நிற்க, டொக்டருக்கு ஒரு ஆளுக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் பெரிய விசயம். அதில் "சோத்தக் குறைங்க, சீனியக் குறைங்க" என்பதற்கு மேல் அவரால் என்ன சொல்ல முடியும்? பெரியம்மா அந்த பீடிஎஃப்பை வாங்கினது முட்டாள்தனத்தால் இல்லை. அவவுடைய கேள்வியை வேறு யாரும் உட்கார்ந்து கேட்காததால்.

ஒரு முறை அவவுக்குக் கிடைத்த போட்டோகொப்பித் தாளை நான் பார்த்தேன். சிங்களத்திலிருந்தோ ஆங்கிலத்திலிருந்தோ யாரோ அவசரத்தில் மொழிபெயர்த்தது. தவிர்க்க: சோறு, பிட்டு, இடியப்பம், பாண். சேர்க்க: ஓட்ஸ், புரக்கோலி, ஒலிவ் எண்ணெய், மெலிந்த இறைச்சி. செங்கலடிச் சந்தையில் புரக்கோலி கேட்டுப் பாருங்கள். மெலிந்த இறைச்சி என்றால் மெலிந்த மாட்டின் இறைச்சியா என்று பெரியம்மா கேட்டா. நான் தமிழ் படிக்கிற பிள்ளை, எனக்கே உடனே பதில் வரவில்லை. அந்தத் தாள் குத்தரிசிச் சோறு எத்தனை அகப்பை என்று சொல்லவில்லை. வாவி இறாலும் நண்டும் எவ்வளவு என்று சொல்லவில்லை. எருமைத் தயிரைச் சீனி போடாமல் சாப்பிடலாமா என்று சொல்லவில்லை. கோயில் திருவிழாக் காலத்தில் அன்னதானச் சோற்றை என்ன செய்வது என்று சொல்லவே இல்லை. அந்தத் தாளை எழுதியவருக்கு எங்கட அடுப்படி தெரியாது. அதைத் தெரிந்த மாதிரிப் பேசியவர் டிக்டொக்கில் இருந்தார். சனம் அவர் பக்கம் போனது.

எங்கட ஊரில் வீடு வீடாக வந்து சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிற ஒரே அரச ஊழியர் மிட்வைஃப் மிஸ்தான். 1926இல் களுத்துறையில் தொடங்கின சுகாதாரப் பிரிவு முறை இன்றைக்கும் உயிரோடு இருப்பது அவர்களால். பிள்ளையை நிறுப்பது, அட்டையில் கோடு கீறுவது, திரிபோஷா கொடுப்பது, கர்ப்பிணிக்கு இரும்புச்சத்துக் குளுசையை ஞாபகப்படுத்துவது எல்லாம் அவர்கள்தான். புதுச் சட்டம் "பட்டதாரி அல்லாத யாரும் உணவைப் பற்றிப் பேசக்கூடாது" என்று எழுதப்பட்டால் முதலில் வாயை மூட வேண்டியவர் அவராகத்தான் இருப்பார். டிக்டொக்காரர் வேறு நாட்டு இலக்கத்துக்கு மாறிவிடுவார். அப்படி ஒரு சட்டம் எங்களுக்கு வேண்டாம்.

என்ன வேண்டும்?

சும்மா கத்திவிட்டுப் போகக்கூடாது. நான் கேட்பது இவைதான்.

ஒன்று, பெயரைக் காக்க வேண்டும். டயட்டீசியன், நியூட்ரிசனிஸ்ட், உணவு ஆலோசகர், போசாக்கு நிபுணர்: எந்த மொழியில் போட்டாலும் பதிவு இலக்கம் பக்கத்தில் இருக்க வேண்டும். விளம்பரத்திலும் வட்ஸ்அப் புரொபைலிலும்தான்.

இரண்டு, வேலையின் எல்லையை எழுத வேண்டும். சிறுநீரகம், சீனி வருத்தம், கர்ப்ப காலம், புற்றுநோய், எடை குறைந்த பிள்ளை, குழாய் வழி உணவு ஆகியவற்றுக்குப் பதிந்தவர் மட்டும். பதிந்தவரும் குளுசையை நிறுத்தவோ மாற்றவோ கூடாது. டொக்டரிடம் அனுப்ப வேண்டும். டொக்டரும் "டயட் கொன்ட்ரோல்" என்று இரண்டு சொல் எழுதிக் கைகழுவாமல் அவரிடம் அனுப்ப வேண்டும்.

மூன்று, அட்டவணை எழுதுகிறவர் உப்போ மாவோ பவுடரோ விற்கக்கூடாது. பெரியம்மாவைக் கட்டிலில் கிடத்தினதில் அந்த உப்புக்கும் பங்கு இருக்கிறது.

நாலு, இப்ப பதிவில்லாமலே நேர்மையாக வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வழி வேண்டும். அவர்கள் பரீட்சை எழுதி, ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்து உள்ளே வர சில வருடம் கொடுங்கள். ஒரே இரவில் தடை என்ற உர வைத்தியம் திரும்ப வேண்டாம்.

ஐந்து, இதைத் தமிழில் படிக்கவும் வேலை செய்யவும் வழி வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதார பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடத்தில் மருத்துவமும் தாதியியலும் இருக்கின்றன. அதே இடத்தில் உணவு ஆலோசனைக்கும் ஒரு பட்டப்படிப்பைத் தொடங்கினால், வாவி மீனும் சோளனும் தெரிந்த பிள்ளைகள் கிளினிக்கில் உட்காருவார்கள். சட்டம் மட்டும் வந்து ஆள் வராவிட்டால் கிழக்கில் பதிந்த ஆலோசகர் ஒருவரைத் தேடிக் கொழும்புக்குப் பஸ் ஏற வேண்டும். அப்ப சனம் திரும்பவும் டிக்டொக்கைத்தான் திறக்கும்.

ஆறு, சபையில் டொக்டர்மார் மட்டும் இருக்கக்கூடாது. நோயாளிகளின் பக்கத்தில் இருந்தும் ஆள் வேண்டும். முறைப்பாட்டைத் தமிழில் எழுதிக் கொடுக்க முடிய வேண்டும். அதற்குத் தமிழில் பதில் வர வேண்டும்.

இந்த நாட்டில் வளர்ந்தவர்களில் சுமார் பத்துப் பேரில் ஒருவருக்குச் சீனி வருத்தம் என்று 2005-06இல் எடுத்த கணக்கே சொன்னது. அது இருபது வருடத்துக்கு முந்திய கணக்கு. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெரியம்மா இருக்கிறா. சட்டம் வரும்வரைக்கும் நாங்கள் செய்யக்கூடியது ஒன்று: அட்டவணை விற்க வருகிறவரிடம், "நீங்க எங்க படிச்சீங்க? என் ரிப்போட்டப் பாக்க மாட்டீங்களா? பிழைச்சா நான் யாரிட்டப் போற?" என்று கேட்பது. மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் காசு போட வேண்டாம்.

போன கிழமை பெரியம்மாவின் போனில் இடம் இல்லையென்று படங்களை அழித்துக் கொண்டிருந்தேன். அந்த பீடிஎஃப் இன்னும் கிடந்தது. அழிக்கப் போனேன்.

"அத அழிக்காத புள்ள" என்றா. "ஆராச்சும் ஒரு நாளைக்கு என்ன நடந்த எண்டு கேட்டா, குடுக்கிறதுக்கு வேணும்."